விலைபோன கப்பலும் விலைபோகாத மனிதரும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவன்



நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்த ஒரு பனியன் கம்பெனி, கைப்பந்து அணி ஒன்றை வைத்திருந்தது. அந்த அணி எங்கே ஆடினாலும் யாருடைய சைக்கிளிலாவது தொற்றிக்கொண்டு போய், தொண்டை கட்டும்வரை கத்திவிட்டுத் திரும்புவேன். ஒருநாள், முதலாளிக்குக் கடன் முற்றிவிட்டது என்றார்கள். அணி கலைந்தது. அடுத்த ஆண்டுப் போட்டியில் எங்கள் அணியின் சிறந்த ஆட்டக்காரர் எதிரணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளியைத் திட்டித் தீர்த்தேன். அதே கம்பெனியில் தையல் வேலை பார்த்த என் தந்தையாரோ, மூன்று சனிக்கிழமைச் சம்பளம் நின்றுபோன கவலையில் இருந்தார்.

பல ஆண்டுகளுக்குப் பின் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வரலாற்றைப் படித்தபோது அந்தப் பழைய கோபம் மீண்டும் எழுந்தது. நான் இழந்தது ஓர் அணி. அவரும் அவரை நம்பிய மக்களும் இழந்தது கடலில் ஓடிய கப்பல்களை!

நெல்லைச் சீமையின் ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5 அன்று உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார் வ.உ.சி. தந்தையைப் போலவே வழக்கறிஞரானார். 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். தொழில் நன்றாகவே நடந்தது. வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் துறைமுகத்தில் அவர் கண்ட காட்சி அவரை உறங்கவிடவில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பல்கள் வெள்ளையருடைய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியைச் சேர்ந்தவை. சரக்கு நம்முடையது, பயணியும் நம்மவர். இலாபம் மட்டும் அவர்களுடையது.

முதலில் வாடகைக் கப்பல் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். கப்பல் கொடுத்தவர்கள் வெள்ளைக் கம்பெனியின் நெருக்குதலுக்கு அஞ்சிப் பின்வாங்கினர். சொந்தக் கப்பல் வேண்டும் என்று வ.உ.சி. முடிவு செய்தார். 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை வாங்கி 2 இலட்சம் ரூபாய் கொடுத்தார். சட்ட ஆலோசகர்களில் ஒருவராக நம் சேலத்து விஜயராகவாச்சாரியார் இருந்தார். வ.உ.சி. ஏற்றுக்கொண்டதோ உதவிச் செயலாளர் என்ற சிறிய பதவி. சுமந்ததோ மொத்தப் பாரத்தையும்!

கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டபோது அவருடைய மூத்த மகன் நோயுற்றிருந்தான். மனைவி கருவுற்றிருந்தார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் மூழ்கி மாய்வேன் என்று சூளுரைத்துச் சென்றார். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. மக்கள் கடற்கரையில் திரண்டு ஆர்ப்பரித்தார்கள். தங்கள் அணி களம் இறங்கிவிட்டது என்று அவர்கள் துள்ளியிருப்பார்கள் அல்லவா?

பிறகு தொடங்கியது கட்டணப் போர். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. வெள்ளைக் கம்பெனியோ காசே வேண்டாம், குடையும் இனாம் என்றது! அவர்களுடைய கப்பல்கள் பல கடல்களில் ஓடிக்கொண்டிருந்தன. இங்கே வரும் நட்டத்தை வேறிடத்து வருவாயால் ஈடுகட்டிவிடலாம். சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததோ ஒரே கடல்வழி. ஒவ்வொரு பயணத்திலும் பணம் கரைந்தது. நம் ஊரில் பெரிய கம்பெனி விலையை அடித்து விற்கும்போது சிறிய கம்பெனி படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

கணக்குப் புத்தகம் இளைத்துக்கொண்டிருந்த அந்நாளிலும் வ.உ.சி. பிறர் துயர் கண்டு ஒதுங்கவில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து வ.உ.சி. அதை நடத்தினார். சில நாட்களிலேயே கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. நூலையும் துணியையும் நம்பி வாழும் நம் பகுதியினர் மறக்கக்கூடாத வெற்றி இது.

கம்பெனி நிர்வாகிகள் அஞ்சினார்கள். அரசியலை விட்டு விலகுமாறு அவரை நெருக்கினார்கள். அவர் இணங்கவில்லை. 1908 மார்ச் 12 அன்று கைதானார். மறுநாள் நெல்லையே கொந்தளித்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்த தண்டனை நாற்பது ஆண்டு! மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆயினும் நம்மிடமிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவைச் சிறையில், மாடு இழுக்க வேண்டிய செக்கை அந்த மனிதர் இழுத்தார். அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது.

அவர் செக்கிழுத்த காலத்தில் கம்பெனி என்ன ஆயிற்று? தலைவன் இல்லை, பணம் இல்லை, துணிவும் இல்லை. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் எந்த வெள்ளைக் கம்பெனியை எதிர்த்து ஓடியதோ அதற்கே விற்கப்பட்டது. சிறைக்குள் இச்செய்தி கேட்டு அவர் உள்ளம் குமுறினார். செக்கின் வலியைவிட இந்த வலி பெரிதாக இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

1912 டிசம்பர் 24 அன்று கண்ணூர்ச் சிறையிலிருந்து விடுதலையானார். கடற்கரையில் ஆர்ப்பரித்த கூட்டம் சிறை வாசலில் இல்லை. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார். சில காலம் கோவையிலும் வாழ்ந்தார். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி உரிமத்தை மீட்டுக் கொடுத்தபோது, நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியைப் பகைத்தாரே அன்றி ஆங்கிலேயரைப் பகைத்தாரில்லை. வறுமையிலும் திருக்குறளுக்கு உரை எழுதினார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் மறைந்தார். இறுதிக் காலத்தில் எழுதிய உயிலில், தாம் பிறருக்குத் தரவேண்டிய கடன்களையும் மறவாமல் குறித்து வைத்தார்.

நண்பர்களே! கப்பலை விற்றவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் என்மீதும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்தக் கைப்பந்து அணிக்காகக் கத்தினேனே, அது கலைந்தபோது ஒரு பந்து வாங்கவாவது தெருவில் நாலணா திரட்டினேனா? வ.உ.சி.யின் கப்பலைக் கண்டு ஆர்ப்பரித்தவர்கள் எத்தனை பேர்! நட்டக் கணக்கைப் பங்கிட்டுக்கொள்ள வந்தவர்கள் எத்தனை பேர்?

தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோவையில் அவர் பெயரில் பூங்கா இருக்கிறது. பெயர் வைத்தது போதும் என்று இருந்துவிடாமல், நாம் நேசிக்கும் ஒன்று கடனில் தத்தளிக்கும் நாளில் அதன் பக்கத்தில் போய் நிற்போம். வாழ்க வ.உ.சி. புகழ்!