சாயம் காட்டிய உண்மை

திசுப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித் தகடுகளுக்குச் சாயமேற்றுவது என் தொழில், ஊர் பூம்புகார். இத்தொழிலின் பெருமையை எவரேனும் வினவினால் சார்லஸ் டோனவனின் வாழ்வையே நான் சொல்வது வழக்கம்.

1863-இல் கல்கத்தாவில் பிறந்த டோனவன், அயர்லாந்து வழிவந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகவும், அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் விளங்கினார். மண்ணீரல் வீங்கி, மெலிந்து மாண்டவர்களின் நோயை மலேரியா என்றே பலரும் அந்நாளில் கருதினர். 1903 ஏப்ரலில், பிணக்கூறாய்வில் எடுத்த மண்ணீரல் திசுவில் புதிரான நுண்துகள்களை டோனவன் கண்டார். மே மாதம் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் அத்தகைய துகள்களைப் பற்றி எழுதினார். அவை சிதைந்த டிரிபனோசோம்களாகலாம் என்பது அவர் கணிப்பு.

ஜூன் 17-இல், உயிருடனிருந்த நோயாளியின் மண்ணீரலில் ஊசியால் எடுத்த திசுவிலும் டோனவன் அவற்றைக் கண்டார். ஆகவே அது மரணத்துக்குப் பிந்தைய சிதைவன்று. முன்னுரிமைப் பூசல் எழுந்தபோது, ரொனால்டு ராஸ் இருவரையும் இணைத்து ‘லீஷ்மேனியா டோனவனி’ எனப் பெயரிட்டார். கருங்காய்ச்சலின் கிருமி அது.

ரோமனோவ்ஸ்கி வகைச் சாயத்தில் அதன் உடல் வெளிர்நீலமாகவும், உட்கருவும் அருகிலுள்ள சிறுகோலும் செவ்வூதாவாகவும் தெரியும். சாயம் பிழைத்தால் அவ்விரு புள்ளிகளும் தெளியா; நோயும் பிடிபடாது.

1951-இல் டோனவன் இங்கிலாந்தில் மறைந்தார். அவர் பெயர் கிருமியோடு நிலைத்துவிட்டது. இன்றோ, பரிசோதனை அறிக்கையின் அடியில் மருத்துவரின் கையொப்பம் இருக்கும். சாயமேற்றியவரை எவரும் அறியார். புகழ் வேண்டா, போதிய பயிற்சியும் நிரந்தரப் பணியிடமும் அக்கைகளுக்கு வேண்டும். பிழையின்றிக் கணிக்கப்பெறும் உரிமை நோயாளிக்கு உண்டல்லவா?