மனிதர் அனைவரும் ஓரினமே என்ற பஃபோன்

அடிமை வணிகம் கொடிகட்டிப் பறந்த 18ஆம் நூற்றாண்டு அது. நிறத்தால் வேறுபட்டாலும் மனிதர் அனைவரும் ஓரினமே என்று அப்போது ஐரோப்பாவில் எழுதியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு இயற்கையியல் அறிஞர் பஃபோன். இயற்பெயர் ஜார்ஜ் லூயி லெக்லெர்க்.

1707இல் பர்கண்டி பகுதியின் மோன்பார் ஊரில் பிறந்தார். 1739இல் பாரிஸ் அரச தோட்டத்தின் பொறுப்பை ஏற்று, 1788இல் இறக்கும் வரை அதை வளர்த்தார். 1749இல் வெளிவரத் தொடங்கிய அவரது 'இயற்கை வரலாறு' 36 தொகுதிகளாக விரிந்தது.

பூமி பற்றிய அவரது கருத்துகளைப் பாரிஸ் இறையியல் அறிஞர்கள் 1751இல் கண்டித்தனர். அவர் பணிந்து மறுப்பு எழுதினார். ஆய்வை மட்டும் நிறுத்தவில்லை. இரும்புக் குண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி, அவை ஆறும் நேரத்தை அளந்து, பூமியின் வயது சுமார் 75,000 ஆண்டுகள் என 1778இல் வெளியிட்டார். உண்மையான வயதோ சுமார் 450 கோடி ஆண்டுகள்.

குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை பொதுவாக இனம் பெருக்காது. ஆனால் எந்த நிறத்து ஆணும் பெண்ணும் மணந்தாலும் அவர்களின் சந்ததி தொடர்கிறது. மனிதர் ஓரினம் என்பதற்கு இதையே அவர் சான்றாகக் காட்டினார். நிற வேறுபாட்டுக்குத் தட்பவெப்பமும் உணவும் வாழ்க்கை முறையுமே காரணம் என்றார். அடிமைகள் படும் கொடுமையையும் கண்டித்தார்.

ஆயினும் வெள்ளை நிறமே மனிதனின் மூல நிறம், மற்றவை அதிலிருந்து திரிந்தவை என்று நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டது. மனித இனம் தோன்றியது ஆப்பிரிக்காவில்தான் என்கிறது இன்றைய அறிவியல். ஓரினம் என்ற அவரது முடிவு மட்டும் நிலைத்து நிற்கிறது.