விமானப்படைத் தளபதி சுப்ரதோ முகர்ஜி

சுப்ரதோ கோப்பை என்னும் கால்பந்துப் போட்டியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பள்ளி மாணவர்களுக்காக நடைபெறும் அப்போட்டியை நடத்துவது இந்திய விமானப்படை. கால்பந்துக்கும் விமானப்படைக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எழுவது இயல்பே. கால்பந்தில் பெருவிருப்பம் கொண்ட விமானி ஒருவரின் எண்ணத்தில் உருவாகி, 1960ஆம் ஆண்டில் தொடங்கி, அவர் பெயராலேயே வழங்கும் போட்டி அது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்து, விமானப்படை வரலாற்றையும் தலைமைப் பண்பையும் பயிலும் மாணவர்களுக்கும் அவர் பெயர் புதியதன்று.

சுப்ரதோ முகர்ஜி 1911 மார்ச் 5ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். கல்வியும் அரசுப் பணியும் வழிவழியாக வந்த குடும்பம் அவருடையது. வானில் பறத்தலும் அக்குடும்பத்துக்குப் புதிதாக இருக்கவில்லை. உறவினரான இந்திரலால் ராய், முதல் உலகப்போரில் ஆங்கிலேய விமானப்படையில் போரிட்டவர். அவர் 1918 ஜூலையில் இரண்டு வாரத்திற்குள் பத்து வான்வெற்றிகள் பெற்று, அம்மாதமே தம் 19ஆம் வயதில் போரில் மாண்டார். அப்போது சுப்ரதோ ஏழு வயதுச் சிறுவர்.

அந்நாளில் இந்தியாவுக்கெனத் தனி விமானப்படை இல்லை. விமானத்தை ஓட்டவும் பழுதுபார்க்கவும் இந்தியரால் இயலுமா என்று ஆட்சியாளர் பலர் ஐயுற்றனர். நெடிய வாதங்களுக்குப் பின்னரே, இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் இந்திய இளைஞர்களைச் சேர்க்க 1930இல் இசைவு கிடைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அறுவருள் சுப்ரதோவும் ஒருவர். அவருக்கு அப்போது வயது 19. அணிவகுப்பு, பொறியின் நுட்பம், வான்வழி அறிதல், பறத்தல் என இரண்டாண்டுப் பயிற்சி நடந்தது. அறுவருள் ஒருவர் உயரம் போதாமையால் விமானியாக இயலாது தளவாடப் பிரிவுக்குச் சென்றார். ஐவர் விமானிகளாயினர்.

1932 அக்டோபர் 8ஆம் நாள் இந்திய விமானப்படை சட்டப்படி உருவானது. இன்றும் அந்நாளே விமானப்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1933 ஏப்ரல் முதல் நாள் கராச்சியில் முதல் படைப்பிரிவு அமைந்தது. அதில் இருந்தவை நான்கு வாப்பிட்டி விமானங்களே. இரண்டடுக்கு இறக்கையும் கூரையற்ற இருக்கையும் கொண்ட அவ்விமானங்களில் விமானியின் முகத்தில் காற்று நேரே அறையும். அவற்றைப் பேணுவதற்கு 'ஹவாய் சிப்பாய்' எனப்பட்ட 19 இந்தியத் தொழில்நுட்ப வீரர்கள் இருந்தனர். விமானிகளைப் போற்றும் வரலாறு அவர்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. முடுக்கிய திருகாணி ஒன்று தளர்ந்தாலும் விமானம் வீழும் என்பதை அறிந்து உழைத்தவர்கள் அவர்கள்.

தொடக்க ஆண்டுகள் துயரம் மிக்கவையாக இருந்தன. ஐந்து விமானிகளுள் இருவர் விமான விபத்தில் உயிரிழந்தனர். மற்றொருவர் ஒரு விபத்தினை அடுத்துப் படையை விட்டு நீங்கினார். எஞ்சிய விமானிகள் சுப்ரதோவும் அவான் என்பவருமே. இந்தியரால் இயலாது என்றோரின் சொல் மெய்யாகிவிடுமோ என்று அஞ்சத்தக்க காலம் அது. சுப்ரதோ விலகவில்லை. வடமேற்கு எல்லைப்புற மலைகளின்மீது தொடர்ந்து பறந்தார். 1939 மார்ச்சில் முதல் படைப்பிரிவின் தலைமை அவரிடம் வந்தது. ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

1940ஆம் ஆண்டு அவ்வெல்லைப்புறத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அவருடைய இயல்பைத் தெளிவாகக் காட்டும். மலைக்காவல் நிலை ஒன்றைப் பகைவர் சூழ்ந்துகொண்டனர். உள்ளிருந்த வீரர்களிடம் தோட்டாக்கள் தீர்ந்துகொண்டிருந்தன. மேலே பறந்து வந்த விமானத்துக்கு அவர்கள் தரையிலிருந்து குறிகாட்டித் தம் நிலையை உணர்த்தினர். தளத்துக்குத் திரும்பித் தோட்டாப் பெட்டிகளுடன் வருவதற்குள் காவல் நிலை வீழ்ந்துவிடலாம். விமானத்தின் இயந்திரத் துப்பாக்கிக்கும் தரையிலிருந்த வீரர்களின் துப்பாக்கிக்கும் தோட்டா ஒரே அளவினது. எனவே சுப்ரதோவும் உடன் பறந்த துப்பாக்கி வீரரும் தம் துப்பாக்கிக்குரிய தோட்டாக்களைக் கழற்றி எடுத்தனர். இட்டு வீசப் பை இல்லை. காலுறைகளைக் கழற்றி அவற்றில் நிரப்பினர். தாழப் பறந்து வீரர்களின் நடுவே அவற்றை வீசினர். தம் காவலுக்கு இருந்ததைத் தரையில் நின்றவர்க்கு ஈந்துவிட்டு, துப்பாக்கி வெறுமையாகப் பகைவரின் தலைக்குமேல் பறப்பது எளிய செயலன்று.

1943இல் கோஹாட் விமானத் தளம் அவர் பொறுப்பில் வந்தது. அத்தகைய தளம் ஒன்றின் தலைமையும் இந்தியருக்கு அதுவே முதன்முறை.

1947இல் நாடு விடுதலை பெற்றது, பிரிவினையும் வந்தது. விமானங்களும் வீரர்களும் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டனர். கிரான்வெல் நாள்முதல் உடன் இருந்த அவான் பாகிஸ்தான் படைக்குச் சென்றார். புதிய இந்தியாவின் விமானப்படைக்குத் தலைவர் யார் என்ற வினா எழுந்தது. சுப்ரதோவுக்கு அப்போது வயது 36. இந்திய அதிகாரிகளுள் அவரே மூத்தவர். பதவி அவருக்குக் கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. எனினும், அப்பொறுப்புக்கு ஆயத்தமாக இன்னும் ஆறேழு ஆண்டுகள் தேவை என்று அவர் கருதினார். அதனை மறைக்காமல் தெரிவித்தார். தரைப்படைக்கு 1949 ஜனவரியில் இந்தியத் தலைமைத் தளபதியாகக் கரியப்பா வந்துவிட்டார். விமானப்படையிலோ ஆங்கிலேயத் தளபதிகள் மூவர் அடுத்தடுத்துப் பணியாற்றினர். அவர்களுக்குக் கீழே துணைப்பொறுப்பில் இருந்து, திட்டமிடலையும் ஆட்சி முறையையும் சுப்ரதோ கற்றுக்கொண்டார். விடுதலை பெற்ற நாட்டில் அயலவருக்குக் கீழ்ப் பணிபுரிவதைக் குறைவாக எண்ணுவோர் இருந்திருப்பர். படை இடையில் தடுமாறக்கூடாது என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

1954 ஏப்ரல் முதல் நாள் அவர் தலைமைப் பொறுப்பேற்றார். கராச்சியில் நான்கு விமானங்களுடன் முதல் படைப்பிரிவு தொடங்கி அன்றோடு 21 ஆண்டுகள் நிறைந்திருந்தன. அவருடைய காலத்தில் மிஸ்டேர், ஹண்டர், கான்பெரா முதலிய ஜெட் விமானங்கள் படையில் சேர்ந்தன. வாப்பிட்டியில் பறக்கக் கற்றவர், ஒலியின் வேகத்தை எட்டும் விமானங்களைக் கையாளும் இளைஞர்களுக்குத் தலைவராக இருந்தார்.

1960 நவம்பர் 8ஆம் நாள் ஜப்பானின் டோக்கியோ நகரில் அவர் உணவருந்திக்கொண்டிருந்தார். எதிர்பாராத வகையில் உணவு மூச்சுக்குழாயில் சிக்கி அவர் உயிர் பிரிந்தது. எத்தனையோ ஆபத்தான பறத்தல்களில் உயிர் தப்பியவருக்கு இத்தகைய முடிவு வாய்த்தது. உடல் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையுடன் எரியூட்டப்பட்டது. அவர் வாழ்ந்த ஆண்டுகளுக்கு ஒன்றாக 49 விமானங்கள் அன்று வானில் அணிவகுத்துச் சென்றன.