மனுஷனுக்கும் மார்க், காசுக்கும் மார்க்

ஜிம்முக்குப் போற ஆளா நீங்க? அப்படின்னா டிரெய்னர் உங்களை மேலேயும் கீழேயும் ஒரு தடவை பார்த்துட்டு, நீங்க எக்டோமார்ஃப், அதான் எவ்வளவு சாப்பிட்டாலும் வெயிட் ஏறலைன்னு சொல்லியிருப்பார். அந்த வார்த்தையை உருவாக்கினவர் வில்லியம் ஹெர்பர்ட் ஷெல்டன். ஆனா நான் அவரைக் கண்டுபிடிச்சது ஜிம்மில் இல்ல. தாத்தாவோட டப்பாவில் கிடந்த ஒரு காலணா என்ன விலைக்குப் போகும்னு நெட்டில் தேடினப்போதான். பழைய காசுக்கு 70-க்கு எத்தனைன்னு மார்க் போடுவாங்க. அந்த முறையோட பேரே ஷெல்டன் ஸ்கேல். ரெண்டும் ஒரே ஆள்!

ஷெல்டன் 1898-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பிறந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கி, பிறகு மருத்துவமும் படித்தார். எதைப் பார்த்தாலும் எண்ணாக மாத்தணும், அதுதான் அவர் சுபாவம். 4,000 கல்லூரி ஆண்களின் நிர்வாணப் படங்களை வைத்து 1940-இல் ஒரு புத்தகம் போட்டார். குண்டு, கட்டுமஸ்து, ஒல்லி என மூணு குணத்துக்கும் 1 முதல் 7 வரை மார்க். அதோட நிறுத்தியிருந்தா பரவாயில்ல. உடம்பு எப்படியோ அப்படித்தான் புத்தியும் குணமும் என்றார். அறிவியல் பின்னாளில் அதை ஓரங்கட்டிவிட்டது.

அந்தக் காலத்தில் ஹார்வர்ட், யேல் போன்ற இடங்களில் முதலாமாண்டு மாணவர்களை இப்படிப் படம் எடுப்பது வழக்கம். நிமிர்ந்து நிற்கிறோமான்னு பார்க்கத்தான் எடுக்கிறாங்கன்னு பசங்க நினைச்சாங்க. அந்தப் படங்கள் ஷெல்டனின் ஆராய்ச்சிக்கும் போனது பலருக்குத் தெரியாது. நம்ம ஃபர்ஸ்ட் இயர்ல இப்படி வரிசையில நிக்க வெச்சிருந்தா எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க.

இப்போ காசுக்கு வருவோம். ஷெல்டனுக்குச் சின்ன வயசிலிருந்தே அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட் மேல பைத்தியம். ஏறக்குறைய நம்ம 10 ரூபாய் காசு அளவு இருக்கும், 1793-லிருந்து அடிச்சது. அச்சைக் கையால் வெட்டினதால, ஒரே வருஷத்துக் காசிலேயே பல ரகம் உண்டு. 1949-இல் அந்த ரகங்களை எல்லாம் வரிசைப்படுத்தி ஒரு புத்தகம் எழுதினார். அதில்தான் அந்த 70 மார்க் ஸ்கேல் வந்தது.

லாஜிக் ரொம்ப சிம்பிள். தேய்ஞ்சு போய், என்ன காசுன்னு மட்டும் தெரிஞ்சா 1. அச்சிலிருந்து இப்போதான் விழுந்த மாதிரி குறையே இல்லாம இருந்தா 70. ஒரு ரகத்தோட அடிப்படை விலை 2 டாலர், உங்க காசுக்கு மார்க் 20-ன்னா, விலை 40 டாலர். ஏன் 100 வைக்கலை? அன்றைய சந்தையில் ரொம்ப நல்ல காசு, ரொம்ப மோசமான காசைவிடச் சுமார் 70 மடங்கு விலை போச்சு, அவ்வளவுதான். நம்ம பாஷையில சொன்னா, ஒரு நேர்கோட்டு ஃபார்முலா. சில வருஷத்திலேயே சந்தை விலை அந்தக் கோட்டை விட்டு விலகிடுச்சு. ஃபார்முலா செத்துப்போச்சு, எண்கள் மட்டும் பிழைச்சுக்கிச்சு. இன்னிக்கும் 60-க்குக் கீழே இருந்தா காசு புழங்கித் தேய்ஞ்சதுன்னு அர்த்தம். 60-க்கு மேல எல்லாம் புழங்காத காசு. 69-க்கும் 70-க்கும் நடுவுல சில காசுகளுக்கு விலை எக்கச்சக்கமா எகிறும்.

ஷெல்டன் 1977-இல் இறந்தார். அதுக்கப்புறம்தான் குட்டு உடைஞ்சது. நியூயார்க்கின் அமெரிக்க நாணயவியல் கழகத்தில், நன்கொடையா வந்த அருமையான சென்ட் தொகுப்பு ஒன்று இருந்தது. நிபுணர் என்ற மரியாதையில் அதைத் தொட்டுப் பார்க்க ஷெல்டனுக்கு அனுமதி உண்டு. அவர் நல்ல காசை எடுத்துக்கிட்டு, அதே ரகத்தில் மார்க் குறைஞ்ச காசை அந்த இடத்தில் வெச்சுட்டார். இப்படி 100-க்கும் மேல. எண்ணிக்கை சரியா இருந்ததால யாருக்கும் சந்தேகம் வரலை.

மாட்டிவிட்டது எது தெரியுமா? போட்டோ. தொகுப்பின் பழைய படங்களில் இருந்த கீறலும் புள்ளியும், ஷெல்டன் வித்த காசுகளில் அப்படியே இருந்தது. ஒவ்வொரு காசுக்கும் ரேகை மாதிரி அது. ஆயிரக்கணக்கான பசங்களைப் படம் பிடிச்சு எடை போட்டவரைக் கடைசியில படமே எடை போட்டுடுச்சு. காசுகளை மீட்க அந்தக் கழகம் கோர்ட் வரைக்கும் போக வேண்டியதாச்சு.

ரெண்டு இடத்திலும் அவர் செஞ்சது ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது. நம்பி நின்ன பசங்க, நம்பித் திறந்த அலமாரி. மார்க் போடுறவருக்கு யார் மார்க் போடுறதுன்னு அப்போ யாரும் கேட்கலை. இன்னிக்குப் பெரிய கிரேடிங் கம்பெனிகளில், காசு யாரோடதுன்னு தெரியாமலேயே ஒருத்தருக்கு மேற்பட்டவங்க பார்த்துத்தான் மார்க் போடுறாங்க. ஸ்கேல் மட்டும் அவரோடதுதான்.

என் காலணா என்னாச்சுன்னு கேட்கிறீங்களா? விலை தேடுறதுக்கு முன்னாடியே புளி போட்டுப் பளபளன்னு தேய்ச்சு வெச்சிருந்தேன். தேய்ச்ச காசுக்குப் பெரிய கம்பெனிகள் சாதாரணமா எண்ணே கொடுக்காது, சுத்தம் செய்யப்பட்டதுன்னு மட்டும் எழுதிக் கொடுத்துடும். உங்க வீட்டு டப்பாவில் ஏதாவது கிடந்தா, தயவுசெஞ்சு அப்படியே விட்டுடுங்க. அழுக்கும் அதோட சரித்திரம்தான்.