துளையில் மறைந்த அலை: ஹெடி லாமார்

காஞ்சித் தறியின் மேலமைந்த ஜக்கார்டு பெட்டியில், எந்தப் பாவிழை எழவேண்டும் என்பதை அட்டையின் துளைகளே முடிவு செய்கின்றன. அத்தகைய துளைகளைக் கொண்டு வானொலி அலையைக் காக்க வழிகண்டவர் திரைநடிகை ஹெடி லாமார்.

1914-இல் வியன்னாவில் பிறந்த அவர், ஆயுத உற்பத்தியாளர் ஒருவரை மணந்து, 1937-இல் அவரைப் பிரிந்து வெளியேறினார். ஹாலிவுட் அவரைப் பேரழகியாக மட்டுமே கண்டது. அவரோ ஓய்வு நேரங்களில் புதிய கருவிகளை எண்ணி வரைந்து வந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது, வானொலியால் இயக்கப்படும் டார்பிடோவை, அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பி எதிரி திசைதிருப்பிவிட இயலும் என்பதை அவர் உணர்ந்தார். அலைவரிசை இடையறாது மாறினால் எதிரியால் அதனைத் தொடர முடியாது. ஆனால் அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே ஒழுங்கில் மாறவேண்டும். இதற்கென, தானியங்கிப் பியானோவில் உள்ளது போன்ற துளைச்சுருள்கள் இரண்டு, கப்பலில் ஒன்றும் டார்பிடோவில் ஒன்றுமாக ஒருசேரச் சுழலும் அமைப்பை, இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலுடன் இணைந்து வகுத்தார். பியானோவின் கட்டைகளைப் போலவே அலைவரிசைகளும் 88.

1942 ஆகஸ்டு 11-இல் காப்புரிமை கிடைத்தது. எனினும் கடற்படை அப்போரில் அதனைக் கையாளவில்லை. 1959-இல் உரிமைக் காலமும் முடிந்தது. இருவருக்கும் அதனால் வருவாய் ஏதும் இல்லை.

அலைவரிசை மாற்றும் எண்ணம் முன்னரே சிலருக்குத் தோன்றியதுண்டு. துளைச்சுருளால் இருமுனைகளையும் இணைத்ததே இவர்தம் தனிச்சிறப்பு. நொடிக்கு 1600 முறை அலைவரிசை மாறும் புளூடூத்தும் இத்தத்துவத்தின் வழியதே.

1997-இல்தான் முன்னோடி விருது அவரை நாடி வந்தது. 2000 ஜனவரி 19-இல் அவர் மறைந்தார். முகத்தைப் போற்றிய உலகம் அறிவைப் போற்ற அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.