ஹெலன் டௌசிக் அம்மையார்

நம் உடலில் இடையறாது தொழில் புரியும் உறுப்பு இதயம். கொங்கு நாட்டு வாய்க்கால்களில் நீரை முறைப்படுத்தும் மதகுகளைப் போல, குருதியை ஒருவழியே செலுத்தும் வால்வுகள் நான்கு அதனுள் உள்ளன. வால்வுகளும் பிற இதயப் பகுதிகளும் பிறவியிலேயே பழுதுற்ற குழந்தைகளின் துயர் களையத் தம் வாழ்நாளை ஈந்தவர் ஹெலன் டௌசிக் அம்மையார்.

அம்மையார் 1898ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். 11ஆம் வயதில் தாயை இழந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தலும் இளமையில் அவருக்கு அரிதாயிருந்தது. தந்தையார் பொறுமையுடன் பயிற்றினார். ஆர்வர்டுப் பல்கலைக்கழகம் அக்காலத்தில் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் வழங்கவில்லை. ஆகவே, பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1927இல் பட்டம் பெற்றார். 1930இல் அங்கேயே குழந்தைகள் இதய நோய்ப் பிரிவின் தலைமையை ஏற்றார்.

அந்நாளில் அவருடைய செவிப்புலன் குன்றலாயிற்று. இதய ஒலியைக் கேட்டு நோயறியும் மருத்துவருக்கு இதனினும் பெரிய இடர் யாது? அம்மையார் தளர்ந்தாரல்லர். குழந்தையின் மார்பில் விரல்களை வைத்துத் துடிப்பின் அதிர்வைத் தொட்டுணரப் பழகினார். எக்ஸ்-கதிர்த் திரையில் இதயத்தின் வடிவையும் அசைவையும் நுணுகி ஆராய்ந்தார்.

நுரையீரலுக்குக் குருதி செல்லும் வழி குறுகியமையால் உடல் நீலம் பாரித்து வாடிய குழந்தைகள் பலரை அவர் கண்டார். பிறந்த சின்னாட்களில் மூடிக்கொள்ளும் சிறு குருதிக்குழாய் ஒன்று, மூடாதிருக்கும் வரை அவர்கள் ஓரளவு நலமாயிருந்தமையையும் உணர்ந்தார். அத்தகைய வழியொன்றைச் செயற்கையாய் அமைத்தல் ஆகாதோ என எண்ணினார். அறுவை மருத்துவர் ஆல்பிரட் பிளாலக்கும், அவர்தம் உதவியாளர் விவியன் தாமசும் அவ்வெண்ணத்தைச் செயலாக்கினர். 1944 நவம்பர் 29ஆம் நாள் முதல் அறுவை நிகழ்ந்தது. அப்பெண் குழந்தை சில திங்களே உயிர்வாழ்ந்தது. ஆயினும், அம்முறையால் பின்னர் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தனர். பிறவி இதயக் குறைகளை வகைப்படுத்தி விளக்கும் அம்மையாரின் நூல் 1947இல் வெளிவந்தது.

1953இல் சுவீடன் நாட்டினரான இங்கே எட்லரும் ஹெல்முத் ஹெர்ட்சும், செவிக்கெட்டாத ஒலியலைகளை இதயத்துட் செலுத்தி, அவற்றின் எதிரொலியைப் பதிவு செய்தனர். அக்கலை வளர்ந்து, இன்று கோயம்புத்தூர் மருத்துவமனைகளிலும் சிறு கருவியொன்றை மார்பின்மேல் வைத்து, குழந்தையின் வால்வுகள் திறந்து மூடுவதைத் திரையிற் காண்கின்றனர். கண்ட காட்சியின் பொருளை உணர்தற்கு அம்மையார் வகுத்த அறிவு துணைநிற்கின்றது.

1986ஆம் ஆண்டு சாலை விபத்தொன்றில் அம்மையார் மறைந்தார். புலனொன்று குறைந்தபோதும் பிறவற்றைக் கூர்மையாக்கிப் பிறர்க்கு உழைத்த அவர்தம் ஊக்கம், மாணவர் அனைவரும் போற்றிக் கொள்ளத்தக்கது.