அல்சைமர்: மறதி நோய்க்குப் பெயர் கொடுத்த டாக்டர் யார்?

வில்லியனூர், பாகூர் பக்கம் வீட்டுப் பெரியவர் பிள்ளை பெயரையே மறந்துபோனால், வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறவர்கள் இன்னும் உண்டு. அதன் பின்னால் மூளையில் கண்ணால் பார்க்கக்கூடிய சேதம் இருக்கலாம் என்று காட்டியவர் அலோயிஸ் அல்சைமர்.

1864-ல் ஜெர்மனியில் பிறந்தவர். ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் டாக்டராக இருந்தார். 1901 நவம்பரில் அங்கே அகஸ்தே டீட்டர் என்ற பெண்ணைச் சேர்த்தார்கள். வயசு 51தான். பெயர் கேட்டால் அகஸ்தே என்பார்; கணவர் பெயர் கேட்டாலும் அகஸ்தேதான். கேட்டதையும் சொன்னதையும் அல்சைமர் அப்படியே எழுதி வைத்தார். அவருடைய மனைவி இறந்ததும் அதே வருஷம்தான்.

பிறகு மியூனிக் போனார். ஆனாலும் அந்த நோயாளியை விடவில்லை. 1906-ல் அகஸ்தே இறந்ததும் மூளையை வரவழைத்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவு, உள்ளே சிக்கிய நூல் மாதிரி முடிச்சு. நவம்பரில் டூபிங்கன் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை! 1910-ல் அவருடைய தலைவர் கிரெப்பலின்தான் தன் பாடநூலில் நோய்க்கு அல்சைமர் என்று பெயர் வைத்தார்.

படிவு அமைலாய்டு, முடிச்சு டௌ என்ற புரதங்கள் என்பது 1980-களில்தான் தெரிந்தது. 2023-ல் அமெரிக்கா முழு அனுமதி தந்த லெக்கனமாப் மருந்து அமைலாய்டை அகற்றுகிறது. ஆரம்பக் கட்டத்தில் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கும், குணமாக்காது. பி12 குறைவு, தைராய்டு கோளாறால் வரும் மறதியைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். அதனால்தான் சீக்கிரம் டாக்டரிடம் காட்டணும்.

அல்சைமர் 1915 டிசம்பரில் இறந்தார், அவருக்கும் 51 வயசுதான். அகஸ்தேயின் நோய்க்குறிப்பு 1995-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கிடைத்தது. தன் பெயரை எழுத அந்தப் பெண் முயன்று பார்த்த தாளும் அதில் இருந்தது.